ஒன்பது பேர் சொன்னதும் பதினான்கு பிளானும்

கேள்வி: ஈரோட்டுக்குப் பக்கத்தில் நானும் என் மனைவியும் நான்கு வருடமாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். போன வருட விற்பனை 1 கோடியே 10 லட்சம், லாபம் சுமார் 9 லட்சம். தொழிலைப் பெரிதாக்க ஒன்றரைக் கோடி ரூபாய் முதலீடு தேடி, 10 சதவீதப் பங்கு தருவதாகச் சொல்லி, எட்டு மாதத்தில் ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவரும் பணம் போடவில்லை. ஆனால் எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஒருவர் ஃபிராஞ்சைஸ் கொடு என்றார், ஒருவர் பத்து நிமிட டெலிவரி ஆப்பில் போடு என்றார், ஒருவர் எண்ணெயை மட்டும் நம்பாதே, தேன், நெய் என்று ஆரோக்கிய பிராண்டாக மாற்று என்றார். கடைசியாகப் பார்த்தவர் "உங்களுக்கு என் பணம் எதுக்குங்க?" என்று மூஞ்சிக்கு நேராகவே கேட்டுவிட்டார். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் பிளானை மாற்றி எழுதினேன், இப்போது கையில் இருப்பது பதினான்காவது. மனைவி படித்துவிட்டு "இது நம்ம கடையே இல்லீங்க" என்கிறார். யார் சொன்னதைக் கேட்பது, யார் சொன்னதை விடுவது? (பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம். நீண்ட கடிதம், இங்கே சுருக்கித் தரப்பட்டிருக்கிறது)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தோடு முதல் பிளானையும் பதினான்காவது பிளானையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. முதல் பிளான் ஆறு பக்கம், அதில் எழுத்துப் பிழை இருக்கிறது, கணக்கில் ஓர் இடத்தில் கூட்டலே தப்பு, ஆனால் படித்தால் செக்கு ஓடும் சத்தம் கேட்கிறது. பதினான்காவது முப்பத்தியிரண்டு பக்கம், படம் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. "செக்கு" என்ற வார்த்தை முதல்முறை வருவது பதினோராம் பக்கத்தில். உங்கள் வீட்டம்மா சொன்னது சரி, இது உங்கள் கடை இல்லை.

முதலில் ஒன்று. இனி யாரோ ஒருவர் சொன்னார் என்பதற்காக மட்டும் பிளானில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். பத்தாவது ஆளுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

நான் முப்பது வருடமாகக் கணக்குப் பார்க்கும் ஆள். பணம் கேட்பவருக்கு புராஜெக்ட் ரிப்போர்ட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பணம் போடுபவர்கள் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து அவர்களுக்காகக் கணக்கைத் துருவியும் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்த ஒன்று: வேண்டாம் என்று முடிவு எடுத்த பிறகுதான் பெரும்பாலும் காரணம் தேடுகிறார்கள். எதிரே ஒரு நல்ல பையன் உட்கார்ந்திருக்கிறான், நாலு மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறான், சும்மா "வேண்டாம்" என்று சொல்ல மனசு வராது. அப்போது வாயில் வருவதுதான் யோசனை. "ஃபிராஞ்சைஸ் யோசிச்சீங்களா?" என்பது பல நேரம் "காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்பது மாதிரிதான். அதைப் போய் நீங்கள் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு திட்டமாக எழுதியிருக்கிறீர்கள்.

வீடுகளில் தங்க அறை பிடித்துத் தரும் இணையக் கம்பெனி ஏர்பிஎன்பியின் கதை தெரிந்திருக்கும். 2008-ல் கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் மதிப்புப் போட்டு, ஒன்றரை லட்சம் டாலர் கேட்டு ஏழு பேரை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்துக் கடிதம் எழுதினார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் செஸ்கி 2015-ல் அந்தக் கடிதங்களை அப்படியே வெளியிட்டார். எடுத்துப் படித்தால் தெரியும், எல்லாம் மரியாதையான, வழவழப்பான காரணங்கள்: நம் துறை இல்லை, சந்தை போதுமான அளவு பெரிதாகத் தெரியவில்லை, இப்படி. அதில் ஒரு வரியை வைத்தும் அவர்களால் தங்கள் திட்டத்தைத் திருத்தியிருக்க முடியாது. இதைச் சொன்னதும் "பாத்தீங்களா, என்னையும் இப்படித்தான்" என்று மீசையை முறுக்கிவிடாதீர்கள். மறுக்கப்பட்ட எல்லோரும் ஏர்பிஎன்பி ஆகவில்லை. மறுப்புக்குச் சொல்லப்படும் காரணம் வேறு, திட்டத்தில் இருக்கும் ஓட்டை வேறு, அதற்காகத்தான் சொன்னேன்.

அப்புறம் அந்த "ஸ்கேலபிள் இல்லை", அதாவது பல மடங்கு பெரிதாக்க முடியாது, என்ற வார்த்தை. சென்னையில் அந்த ஃபண்டுக்காரர் சொன்னதை நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கணக்கைப் பார்ப்போம். அவரிடம் இருப்பது அவர் பணம் இல்லை, வேறு ஆட்களிடம் வாங்கி, எட்டுப் பத்து வருடத்தில் லாபத்தோடு திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்த பணம். ஒரு பேச்சுக்கு 100 கோடி, இருபது கம்பெனியில் ஐந்தைந்து கோடி போடுகிறார் என்று வையுங்கள். பாதி போய்விடும் என்பது அவருக்கே தெரியும். மிச்சத்தில் ஒன்றிரண்டு, ஒவ்வொன்றும் 100 கோடியாகத் திரும்பி வந்தால்தான் அவர் பிழைப்பார். உங்கள் கம்பெனியில் 10 சதவீதம் வைத்திருக்கும் அவருக்கு 100 கோடி கிடைக்க, கம்பெனி 1,000 கோடிக்குப் போக வேண்டும். ஈரோட்டுச் செக்கு 1,000 கோடிக்குப் போகுமா? போகாது என்று அவருக்குப் பத்தாவது நிமிடமே தெரிந்திருக்கும். அது உங்கள் தொழிலைப் பற்றிய குறை இல்லை, அவர் பையின் அளவு அப்படி. கல்யாண மண்டபத்து அண்டாவில் இரண்டு பேருக்குச் சோறு வடிக்க முடியாது என்பது மாதிரி. இதைத் திருத்த வேண்டிய குறை என்று எடுத்துக்கொண்டதால்தான் மூன்றாவது பிளானில் "தமிழ்நாடு", ஐந்தாவதில் "தென்னிந்தியா", ஒன்பதாவதில் துபாய் எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது.

கோயம்புத்தூர் மில்காரர் விலை ரொம்ப அதிகம் என்றதற்கு நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள். 10 சதவீதத்துக்கு ஒன்றரைக் கோடி என்றால் முழுக் கம்பெனிக்கு 15 கோடி. வருட லாபம் 9 லட்சம். வகுத்துப் பாருங்கள், 166 வருஷ லாபம். அவர் மரியாதைக்காரர், சிரிக்காமல் சொல்லியிருக்கிறார். இதைத் திருத்துங்கள், மேலே பேச ஒன்றுமில்லை.

ஃபிராஞ்சைஸ், பத்து நிமிட டெலிவரி, தேன் நெய், இந்த மூன்றையும் விடுங்கள். மூன்றும் ஆளாளுக்குச் சொன்ன தீர்வு, ஒன்றுக்கொன்று எதிரும் புதிரும். இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் "இதைச் செய்" என்று சொன்னால் அதன் எடை குறைவு, "இது என்ன?" என்று கேட்டால் எடை அதிகம். யோசனை சொல்லும்போது அவருக்கு உங்கள் தொழில் தெரியாது, தனக்குத் தெரிந்த வேறு தொழிலை வைத்துப் பேசுகிறார். கேள்வி கேட்கும்போது உங்கள் தாளைப் பார்த்துக் கேட்கிறார். உங்கள் ஒன்பது பேரில் நாலு பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அந்த நாலையும் நீங்கள் கடிதத்தில் ஒவ்வொரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். யோசனைக்கு மட்டும் பக்கம் பக்கமாக.

முதல் கேள்வி: "உங்ககிட்ட 1,840 வாடிக்கையாளர் இருக்காங்கன்னு போட்டிருக்கீங்க, அதுல திரும்ப வந்து வாங்கினவங்க எத்தனை பேரு?" நீங்கள் சொன்ன பதில்: "நிறைய பேருங்க."

தம்பி, அந்த இடத்தில் அவர் பேனாவை மூடி வைத்திருப்பார். நான் அங்கே இல்லை, ஆனால் அந்தப் பேனா மூடும் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் இணைத்திருந்த பில்லிங் எக்ஸெல்லை வைத்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து நானே எண்ணிப் பார்த்தேன். முழுசாக இல்லை, ஜனவரியில் புதிதாக வந்த போன் நம்பர்களை மட்டும். மொத்தம் 130 பேர். கடைக்கு நேரில் வந்தவர்கள் 74, இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து ஆர்டர் போட்டவர்கள் 56. மார்ச் கடைசிக்குள் மறுபடி வாங்கியவர்கள்: கடைக்கு வந்தவர்களில் 51 பேர், இன்ஸ்டாகிராம்காரர்கள் 6 பேர். எண்ணெய் என்பது பட்டுப்புடவை இல்லை, ஒரு குடும்பத்தில் லிட்டர் பாட்டில் பத்துப் பதினைந்து நாளில் தீர்ந்துவிடும், மூன்று மாதத்தில் திரும்பி வரவில்லை என்றால் வேறு எண்ணெய்க்குப் போய்விட்டார் என்று அர்த்தம். 56-ல் 50 பேர் போய்விட்டார்கள். ஒவ்வொருவரையும் கொண்டுவர விளம்பரத்துக்கு 210 ரூபாய் செலவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கூரியர் வேறு இலவசம். பதினான்காவது பிளானில் அதே வழிக்கு 50 லட்சம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றப் பெரிய மோட்டார் வாங்குகிறீர்கள்.

கடைப் பக்கம் பாருங்கள், 74-க்கு 51. இது அருமையான எண். இதை நீங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் உங்களுக்கே தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் உங்களுக்குச் செய்த உபகாரம் இதுதான். அவர் பணம் போடாதது வேறு விஷயம்.

இரண்டாவது கேள்வி: "கடலை விலை ஏறினா என்ன பண்ணுவீங்க?" உங்கள் பதில்: "அட்ஜஸ்ட் பண்ணிக்குவோங்க." எதை அட்ஜஸ்ட் பண்ணுவீர்கள்? நீங்கள் அனுப்பிய கணக்கையே எடுப்போம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 112 என்றால் 280 ரூபாய். புண்ணாக்கு ஒன்றரைக் கிலோ, 42 வீதம் 63 ரூபாய் திரும்பி வரும். நிகரமாக 217. கூலி, கரண்ட் 22. பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி 19. ஆக அடக்கம் 258. கடையில் 330-க்கு விற்கிறீர்கள், அதில் 5 சதவீத ஜிஎஸ்டி போனால் 314, கையில் நிற்பது 56 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் 360 எம்ஆர்பி போட்டு அவர்களுக்கு 20 சதவீதம் விட்டால், வரி போக 274, நிற்பது 16 ரூபாய், அதுவும் 60 நாள் கழித்து. இப்போது பருப்பு கிலோவுக்கு 15 ரூபாய் ஏறட்டும், சீசன் மாறும்போது இது ஒன்றும் அதிசயமில்லை. லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு கூடுதல் அடக்கம். கடையில் 56 என்பது 18 ரூபாய் 50 காசாகிறது. சூப்பர் மார்க்கெட்டில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 21 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

இந்தப் பத்தியை எழுத எனக்குக் கால்குலேட்டரில் ஐந்து நிமிடம் ஆயிற்று. முப்பத்தியிரண்டு பக்கத்தில் இது இல்லை. இதை ஒரு பக்கமாகப் போட்டு, கீழே "கிலோ 120-ஐத் தாண்டினால் சூப்பர் மார்க்கெட் சப்ளையை நிறுத்திவிட்டுக் கடைக்கு மட்டும் ஆட்டுவோம்" என்கிற மாதிரி ஒரு முடிவை எழுதியிருந்தால், எதிரே இருப்பவர் பணம் போடுகிறாரோ இல்லையோ, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். 120 என்பது நான் சும்மா சொன்னது, உங்கள் கணக்கில் எந்த எண் வருகிறதோ அது.

(அந்த 60 நாள் பற்றி ஒரு சின்ன விஷயம். உத்யம் பதிவு, அதான் சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு, இருக்கிறதல்லவா? குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டியும் தராமல் வைத்திருக்கும் தொகையை வாங்கினவர் அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது, தந்த வருடத்தில்தான் காட்டலாம். மார்ச் மாதம் அவர்கள் ஆடிட்டரே போன் போட்டு உங்கள் உத்யம் நம்பரைக் கேட்பார். கொடுத்து வையுங்கள்.)

மூன்றாவது, ஒரு டாக்டர் கேட்டது. கடலையில் அஃப்ளாடாக்சின் பார்க்கிறீர்களா, ரிப்போர்ட் இருக்கிறதா என்று. நீங்கள் இதை "டாக்டர் என்பதால் ஏதோ கேட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பது பேரில் உங்கள் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்தால் வருகிற நஞ்சு அது. பெரிய ஆலைகள் ரீஃபைன் செய்யும்போது அது நீங்கிவிடுகிறது, நீங்கள் தெளிய வைத்து வடிகட்டி விற்பவர்கள், உங்களிடம் அந்த வழி கிடையாது. பெரும்பகுதி புண்ணாக்கோடு போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் கொஞ்சம் எண்ணெயில் நிற்கும், புண்ணாக்கைத் தின்கிற மாட்டின் பாலிலும் போய்ச் சேரும். "ரீஃபைன் செய்யாதது" என்று பெரிய எழுத்தில் போட்டு விற்கிற ஒரு பொருளுக்கு இதுதான் பலவீனமான இடம். ஒரு கெட்ட ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் சுற்றினால் நாலு வருட உழைப்பு ஒரு வாரத்தில் போகும்.

இப்போது இரண்டாவது கேள்வியையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். விலை ஏறுவதற்கு முன்னால் சீசனிலேயே மொத்தமாக வாங்கி அடுக்க 60 லட்சம் கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் பருப்பாகக் குடோனில் கிடந்தால்? மழைக்காலம் நடுவில் வரும். விலைக்குப் பயந்து வாங்கி அடுக்குகிற அதே மூட்டைதான் டாக்டர் கேட்ட பிரச்சினைக்கு இடம் கொடுக்கிறது. தனித்தனியாகக் கேட்கும்போது இரண்டுக்கும் ஒவ்வொரு பதில் சொல்லிவிடலாம், சேர்த்துப் பார்த்தால்தான் திட்டத்தில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று தெரிகிறது. நன்றாகக் காய்ந்த சரக்காகப் பார்த்து, உடைக்காமல் காயாகவே வைத்து, மாதாமாதம் தேவைக்கு உடைத்துக்கொள்ளலாம், இடம் கூடுதலாக வேண்டும். அல்லது ஒரே அடியாக வாங்காமல் மூன்று தவணையாக வாங்கலாம், விலை கொஞ்சம் கூடும். லாட் வாரியாக என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம், அதற்குச் செலவு உண்டு. எது என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, சிவகிரி ஏலத்துக்குப் போய் எள் எடுக்கிற உங்களுக்கு நான் சரக்குப் பார்க்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் முடிவு பிளானில் இருக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு அந்த 258-க்குள் ஏற வேண்டும்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஒன்பது பேரில் ஒருவரும் கேட்காதது. உங்கள் கடை விற்பனையில் பாதிக்கு மேல் வாடிக்கையாளர் கொண்டுவரும் தூக்கிலும் கேனிலும் ஊற்றிக் கொடுப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அந்த முறை பிடிக்கும், எங்கள் அம்மாவும் அப்படித்தான் வாங்கினார். ஆனால் 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும், மாநில அரசு தனியாக விலக்கு அளித்தால் ஒழிய. நேரில் ஆட்டிக் கொடுக்கிற கடைகள் நாடு பூராவும் இப்படித்தான் ஓடுகின்றன என்பது வேறு. ஆனால் பணம் போடுகிறேன் என்று ஒருவர் சம்மதித்து அவர் வக்கீல் தாள்களைப் பார்க்க உட்கார்ந்தால் இரண்டாவது நாளே இதில்தான் வந்து நிற்பார். யாரும் கேட்கவில்லை என்பதால் ஓட்டை இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவரும் கண்ணாடி பாட்டிலில் அடைத்து, தேதி போட்டு, சீல் வைத்துக் கொடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்த 51 பேரை இழக்காமல் இதைச் செய்வது எப்படி என்பதுதான் உங்கள் பிளானின் மூன்றாவது பக்கமாக இருக்க வேண்டும், துபாய் இல்லை.

நானே ஒருமுறை கெடுத்த கதையையும் சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்த ஆடிட்டர் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறான் என்று தோன்றும். பல வருடம் முன்னால், கொங்குப் பக்கமே ஒரு பலகாரக் கடைக்காரர். ஒரே கடை, சாயங்காலம் ஆறு மணிக்கு முறுக்கு தீர்ந்துவிடும், அப்படி ஓட்டம். பணம் போடலாம் என்று வந்த ஒருவர் "நாலு கிளை காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். பேசலாம் என்றுதான் சொன்னார். நான் அதைப் போடுகிறேன் என்று காதில் வாங்கிக்கொண்டு, மூன்று கிளைக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டு, பேங்க் கடனும் வாங்கிக் கொடுத்தேன். முறுக்குச் சுற்றுகிற அக்கா ஒருவர்தான், அவர் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும் என்பது என் எக்ஸெல்லில் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஒன்றரை வருடத்தில் இரண்டு கிளையை மூடினோம். அந்த முதலீட்டாளர் அப்புறம் போனே எடுக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை, அவர் ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான். அதை வைத்து வீடு கட்டியது நான். அந்தக் கடைக்காரர் இப்போதும் தீபாவளிக்கு எனக்கு ஒரு பெட்டி அனுப்புகிறார், ஒவ்வொரு வருடமும் அதைப் பிரிக்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டது. யாரையாவது பார்த்துவிட்டு வெளியே வந்ததும், கார் ஏறுவதற்கு முன்னால், கீழே டீக்கடையில் நின்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். இடது பக்கத்தில் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே. "சந்தை சின்னது என்று நினைக்கிறார்" என்று நம் மொழியில் மாற்றி எழுதக் கூடாது, "இதே எண்ணெயை எங்க வீட்டுல வாங்கறாங்க, வேற பேரு" என்று சொன்னார் என்றால் அதையே எழுத வேண்டும், இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார், எந்தப் பக்கத்தைப் பார்க்காமலே புரட்டினார் என்பதும் அங்கேயே. வலது பக்கம் காலி. வீட்டுக்கு வந்து, இரண்டு மூன்று நாள் கழித்து, அதற்கு நம் பில் புத்தகத்தில் என்ன பதில் இருக்கிறது என்று வலது பக்கம் எழுத வேண்டும். பதில் இருந்தால் அது பிளானுக்குள் போகும். பதில் இல்லை என்றால் பிளானைத் தொடாமல், முதலில் கடையில் எதையாவது செய்து பார்த்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் ஒன்பது முறையும் வலது பக்கத்தை அன்றைக்கு ராத்திரியே, பில் புத்தகத்தைத் திறக்காமல் நிரப்பியிருக்கிறீர்கள், அதனால் வந்ததுதான் இந்தப் பதினான்கு.

மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் கல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் மூன்று பேர், வேறு வேறு வார்த்தையில், ஒரே இடத்தில்தான் தடுக்கியிருக்கிறார்கள். விலை அதிகம் என்ற மில்காரர், கடலை விலையைக் கேட்டவர், கடைசியாக "உங்களுக்கு என் பணம் எதுக்குங்க?" என்று கேட்ட கரூர்க்காரர். மூன்று பேரும் பார்த்தது உங்கள் ஒன்றரைக் கோடியை. அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நான் நாலாவதாக எடுத்துவைத்திருந்தேன். நீங்கள் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு நோட்டிலும் எழுதாமல், பிளானிலும் சேர்க்காமல், கடிதத்தில் கூட கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அவர் பழைய பேங்க் ஆள் என்கிறீர்கள். அப்படியானால் அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே பதில் கேட்டிருக்கிறார்.

பதில் சொல்லிப் பார்ப்போமா? ஒன்றரைக் கோடியில் 40 லட்சம் புதுச் செக்குகளும் பாட்டில் அடைக்கும் மெஷினும். 60 லட்சம் கடலைச் சரக்கு. 50 லட்சம் விளம்பரம்.

மெஷினுக்குப் பங்கை விற்க வேண்டியதில்லை. குறு உணவுத் தொழில்களுக்கு 2020-ல் வந்த பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் வங்கிக் கடனோடு சேர்த்து 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம். 40 லட்சத்துக்கு 35 சதவீதம் 14 வரும், உச்சவரம்பினால் 10. கையிலிருந்து 10 சதவீதம், அதாவது 4 லட்சம் போட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் போய் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

சரக்குக்குப் பங்கை விற்பது அதைவிடத் தப்பு. கடலை என்பது வாங்கி, ஆட்டி, விற்றுப் பணமாகிவிடுகிற பொருள், அதற்குப் போய் கம்பெனியில் நிரந்தரமாக ஒருவருக்குப் பங்கு கொடுப்பது வாடகை சைக்கிளுக்கு நிலத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி. சி.சி. கடன், அதாவது ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, விற்றதும் திருப்பிக் கட்டும் வங்கிக் கடன், எதற்கு இருக்கிறது? சிறு தொழில்களுக்கு வரப்போகும் வருட விற்பனையில் 20 சதவீதம் என்பது வங்கிகள் பொதுவாகப் போடும் கணக்கு. அடுத்த வருடம் ஒன்றரைக் கோடி விற்பீர்கள் என்று நியாயமாகக் காட்டினால் 30 லட்சம் வரம்பு கேட்கலாம். சொத்து அடமானம் இல்லையென்றால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற, சிறு தொழில் கடனுக்கான அரசு உத்தரவாதத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், மேனேஜர் முதலில் தெரியாத மாதிரி பார்ப்பார், விடாதீர்கள். மீதி 30 லட்சச் சரக்கு, தவணையாக வாங்கினால் தேவையே இல்லாமல் போகலாம், டாக்டரும் சந்தோஷப்படுவார்.

விளம்பரம் 50 லட்சம். 56-க்கு 6. இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆக அவர் கேட்டது சரியான கேள்வி. இப்போதைக்கு அவர் பணம் உங்களுக்கு வேண்டியதில்லை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும், எட்டு மாதமாக முதலீடு முதலீடு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்போம். வெளிப் பணமே வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பெங்களூரில் இட்லி மாவு விற்கிற ஐடி ஃபிரெஷ் 2005-ல் தொடங்கியது, பெரிய வெளி முதலீடு வந்தது 2014-ல். நடுவில் ஒன்பது வருடம் கடை கடையாக மாவு போட்டு, எது திரும்பி வருகிறது எது வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கும் ஒருநாள், ஈரோட்டுக் கடை மாதிரியே கோயம்புத்தூரில் மூன்று கடை போட்டு அங்கேயும் 74-க்கு 51 வருகிறது என்று காட்ட முடிந்தால், அன்றைக்கு வேறு பேச்சு.

இப்போது செய்ய வேண்டியது. கேள்வி கேட்ட நாலு பேரில் கரூர்க்காரரைத் தவிர மற்ற மூன்று பேருக்கும், டாக்டரையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு சின்ன மெயில். "நீங்கள் அன்றைக்கு இதைக் கேட்டீர்கள், எனக்குப் பதில் தெரியவில்லை, இப்போது எண்ணிப் பார்த்தேன், இதுதான் நிலைமை" என்று ஐந்து வரி, கீழே எண்கள். பணம் கேட்க வேண்டாம், பிளானை இணைக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து இன்னொன்று. கேட்ட கேள்விக்குத் திரும்பி வந்து பதில் சொல்கிற ஆள் அபூர்வம், அந்தக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்த வகையில் எனக்குத் தெரியும், அப்படி ஒரு மெயில் வந்தால் ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கும். ஃபிராஞ்சைஸ்காரருக்கும் தேன் நெய்க்காரருக்கும் நேரம் ஒதுக்கியதற்கு ஒரு நன்றி போதும்.

கரூர்க்காரருக்கு மட்டும் மெயில் வேண்டாம், போன் போடுங்கள். சி.சி. வரம்புக்கு விண்ணப்பம் எழுத அவரைவிட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார், கேட்டால் செய்வார் என்றுதான் தோன்றுகிறது.

பிளானைப் பொறுத்தவரை பிறகு எழுதிய பதின்மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு முதல் பிளானிலிருந்தே ஆரம்பியுங்கள், அந்த ஆறு பக்கத்திலிருந்து. நாலாம் பக்கத்துக் கூட்டல் தப்பை மட்டும் முதலில் சரி செய்துவிடுங்கள், 3 லட்சம் உங்களுக்குச் சாதகமாகத் தப்பியிருக்கிறது. ஜனவரி மாதிரியே மற்ற பதினொரு மாதத்தையும் எண்ண வீட்டம்மாவை உட்கார வையுங்கள், கடைக் கணக்கு அவர்தானே பார்க்கிறார். எண்ணி முடித்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள்.